இடது தோளுக்காக ஒரு பென் டேப்லெட்

எங்கள் கடையில் செத்துப்போனவர்கள் எல்லாருக்கும் ஒரே சட்டைதான். வெள்ளை வெளேரென்று, காலர் நிமிர்ந்து, இரண்டு தோளும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரே மட்டத்தில் இருக்கும். பொம்பளைகளுக்கு அரக்குக் கலரில் ஒரு பட்டுச்சேலை. காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிற ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் நான் டிசைன் வேலை பார்க்கிறேன். கண்ணீர் அஞ்சலி பேனர் என்றால் பன்னிரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவேன். வீட்டுக்காரர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் ஏதாவது விசேஷத்தில் எடுத்த கும்பல் போட்டோவாக இருக்கும். அதில் அந்தத் தலையை மட்டும் கழுத்தோடு வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் சட்டைக்குள் சொருக வேண்டும். கழுத்துக் கலரும் முகக் கலரும் சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது. மேலே இரண்டு புறா, கீழே ஒரு குத்துவிளக்கு.

இதுவரை யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. ஒரே ஒருவர் மட்டும் கம்ப்யூட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு, "எங்க மாமா சட்டையே போடமாட்டாரே, துண்டுதானே போடுவாரு" என்றார். ஓனர் கொஞ்சமும் யோசிக்காமல், "இப்பவாச்சும் போட்டுக்கிடட்டும்ணே" என்றார். அந்த மனுஷரும் சிரித்துவிட்டு பேனரைச் சுருட்டி வாங்கிக்கொண்டு போனார். நானும் சிரித்தேன்.

அதே சட்டையை என் அப்பாவுக்கும் போட்டேன்.

அப்பா பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் நடுவே போய்ப் போய் வருகிற பஸ். எங்கள் வீடு மானகிரியில் ரோட்டுமேலேயே இருக்கிறது. பஸ் வீட்டைக் கடக்கும்போது அப்பா ஒரு விசில் கூடுதலாக ஊதுவார். ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் யாரும் இல்லாத இடத்தில் அந்த விசில் எதற்கு என்று டிரைவர் மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்பாள்.

போன வருஷம் ஆவணியில் ஒருநாள், திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் டிரிப்புக்கு நடுவே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டிரைவர் மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "டீ அப்புடியே இருந்துச்சுத்தா, ஒரு வாய்கூடக் குடிக்கல" என்று வந்தவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் ரொம்ப நாளைக்கு அந்த டீதான் மனசில் நின்றது. யாராவது அதை எடுத்துக் கொட்டியிருப்பார்கள். கிளாஸைக் கழுவி வேறு யாருக்காவது டீ ஊற்றியிருப்பார்கள்.

அன்றைக்கு பேனரை ஓனரே செய்து கொண்டுவந்து கட்டிவிட்டார். பதினாறாம் நாளுக்கு வீட்டில் மாட்டுகிற படத்தைச் செய்தது நான்தான். அப்பா தனியாக நின்ற போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. எல்லாவற்றிலும் ஓரத்தில் பாதி உடம்போடு நிற்பார், இல்லையென்றால் யாருக்காவது பின்னால். சித்தி வீட்டு காதுகுத்தில் எடுத்த ஒன்றில்தான் முகம் தெளிவாக இருந்தது. அதிலும் வாயில் போண்டா. கன்னம் உப்பியிருந்தது. மவுஸை வைத்து அந்தக் கன்னத்தை அமுக்கிச் சரி செய்தேன். தலையை வெட்டினேன். சட்டைக்குள் சொருகினேன். கை தானாகச் செய்தது. கழுத்துக் கலர் சேரவில்லையே என்றுதான் அப்போது கவலைப்பட்டேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஃப்ரேம் போட்டு வந்த படத்தை அம்மா இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள்.

"இது யாருடி?"

"அப்பாம்மா."

"மொகம் அவுகதான். கீழ யாரு?"

"சட்டைய மாத்துனேம்மா. பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு."

"சட்டை கெடக்கு. தோளு எங்க? அவுக எடது தோளு எங்கடி?"

அம்மா படத்தை ஆணியில் மாட்டினாள். அதோடு சரி. அதற்கு அடுத்த ஆணியில் அப்பாவின் கண்டக்டர் பை தொங்குகிறது. தினமும் காலையில் அம்மா பூ வைப்பது அந்தப் பைக்குத்தான். பேசுவதும் அதோடுதான். "மேலவீட்டு ஆடு நேத்தும் வேலியத் தாண்டிருச்சு, கேக்க ஆளில்லைன்னு நெனப்பு" என்று பையிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். படத்தில் இருக்கிற வெள்ளைச் சட்டைக்காரர் விருந்தாளி மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆவணி வந்தால் முதல் வருஷத் திதி. சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். படத்தை இறக்கி மணையில் வைத்து அம்மா மாலை போட வேண்டும். அந்த ஆளுக்கு அம்மா மாலை போடமாட்டாள், போட்டாலும் ஊருக்காகப் போடுவாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அதற்குள் அப்பாவை அப்பாவாகவே வரைந்துவிட வேண்டும் என்று சித்திரையில் முடிவு செய்தேன்.

வரைவது எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கத்தை நோக்கி வரைந்துகொண்டே வருவேன். பாடமும் படமும் நடுவில் சந்திக்கும்போது பரீட்சை வந்துவிடும். பத்தாவதில் கணக்கும் சயின்ஸும் போனது இப்படித்தான். பிள்ளைகள் கதைப் புத்தகத்துக்குப் படம் போடுகிற ஆளாக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஃபோனில் விரலால் வரைந்து, புத்தகம் போடுகிற ஒன்றிரண்டு பேருக்கு அனுப்பியும் இருக்கிறேன். "நல்லாருக்கு, ஆனா லேயர் லேயரா இருக்கிற ஃபைலா அனுப்புங்க" என்று ஒருவர் பதில் போட்டார். கை தனி, சட்டை தனி, பின்னால் இருக்கிற மரம் தனி என்று கண்ணாடித் தாளில் வரைந்து அடுக்கின மாதிரி இருக்க வேண்டுமாம். விரலால் அதெல்லாம் ஆகவில்லை.

அப்பாவை முதலில் பேப்பரில்தான் வரைந்து பார்த்தேன். அழித்து அழித்துப் பேப்பர் கிழிந்தது. எத்தனை பேப்பர் வாங்கினாலும் அப்பாவின் மூக்கு இருக்கிற இடத்தில் ஓட்டை விழுந்தது. கடை கம்ப்யூட்டரில் மவுஸால் முயற்சி செய்தேன். தேங்காயைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணுக்கு மை தீட்டுகிற மாதிரி இருந்தது. எத்தனை தடவை வேண்டுமானாலும் அழிக்கலாம், ஆனால் பேனா மாதிரிப் பிடிக்கவும் வேண்டும். அதற்குப் பெயர் பென் டேப்லெட் என்று ஃபோனில் தேடிக் கண்டுபிடித்தேன்.

அப்புறம் இரண்டு மாசம் வீடியோவாகப் பார்த்தேன். பஸ்ஸில், சாப்பிடும்போது, பாத்திரம் தேய்க்கும்போது. மூன்று வகை இருக்கிறது. ஒன்று, வெறும் கறுப்புப் பலகை. அதில் வரைந்தால் படம் கம்ப்யூட்டரில் தெரியும். இரண்டாவது, பலகையே ஸ்கிரீனாக இருப்பது. வரைகிற இடத்திலேயே படம் வரும். மூன்றாவது, பெரிய ஃபோன் மாதிரி, கம்ப்யூட்டரே வேண்டாம். வீடியோக்காரர்கள் எல்லாரும் பேனாவை அழுத்துவதில் எட்டாயிரத்துச் சொச்சம் படி இருக்கிறது என்றார்கள். மெதுவாக அழுத்தினால் மெல்லிசு, பலமாக அழுத்தினால் தடிமன். எட்டாயிரம் விதமாக என் கைக்கு அழுத்தத் தெரியுமா என்று யாரும் சொல்லவில்லை.

கடையில் பிரிண்டிங் மெஷினைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் கேட்டேன். அவரை நாங்கள் மெஷின் அண்ணன் என்போம்.

"ஸ்கிரீனு வச்சதா வாங்குத்தா. இல்லாதத வாங்குனா கண்ணக் கட்டிக்கிட்டு இட்லி ஊத்துன மாதிரி இருக்கும்."

"வெல எட்டலண்ணே."

"அப்ப எதுக்கு எங்கிட்டக் கேட்டே?"

ஓனர் உள்ளே இருந்து, "ஏத்தா, நம்ம மவுஸுக்கு என்ன கொறச்சல்? ஆயிரம் பேர இதுலதான் அனுப்பி வச்சிருக்கோம்" என்றார். ஆனால் மறுநாளே, கடையின் பின்னால் தூசி அடைந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரை, "கெடந்து எலி கூடு கட்டுறதுக்கு ஒனக்காச்சும் ஆகட்டும்" என்று வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அது ஆன் ஆவதற்குள் குளித்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் ஆகும்.

ஆனி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காரைக்குடியிலேயே கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேனாவால எழுதுற பலகையா? இருக்கே. ஆன்லைன்ல பாடம் எடுக்குற டீச்சர்மாருதான் இத வாங்குவாக. நீங்க எந்த ஸ்கூலு டீச்சர்?" என்றார்.

நான் டீச்சர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். என்னை யாரும் அதுவரை டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. கேட்க நன்றாக இருந்தது.

"டியூஷன் எடுக்குறேன்" என்றேன்.

"என்ன பாடம்?"

"கணக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இருக்கிற பாடத்திலெல்லாம் அதையா சொல்ல வேண்டும்! அவர் ரொம்ப மரியாதையாக ஸ்டூலை இழுத்துப் போட்டார். சின்ன டப்பா ஒன்றைப் பிரித்து, பலகையைக் கம்ப்யூட்டரில் மாட்டி, பேனாவை என் கையில் கொடுத்தார்.

"ஒரு கணக்கப் போட்டுப் பாருங்க டீச்சர். பெரிய கணக்காப் போடுங்க, அப்பத்தான் தெரியும்."

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த பெரிய கணக்கு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு பஸ் வரைந்தேன். பலகையைப் பார்த்தபடியே வரைந்ததால் டயர் ஒரு பக்கமும் பஸ் ஒரு பக்கமும் போனது. படிக்கட்டு வானத்தில் நின்றது.

அவர் ஸ்கிரீனைப் பார்த்தார். "பஸ்ஸுலயே கணக்குச் சொல்லிக் குடுக்குற டீச்சர இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். "நான் கணக்குல பெயிலுண்ணே. ஃப்ளெக்ஸு கடையில வேலை பாக்குறேன். படம் வரையத்தான் வேணும்" என்று உண்மையைச் சொன்னேன்.

"அத மொதல்லயே சொல்லக்கூடாதா? கணக்குப் போடச் சின்னது போதும். படம்னா பெருசு எடுங்க. இதுல கைய இத்துனூண்டு அசைச்சா அங்குட்டுக் கோடு அந்தக் கோடிக்குப் போயிரும்." அடுத்த அளவை எடுத்து வைத்தார். அதில் முழங்கையிலிருந்து கையை வீசி இழுக்க முடிந்தது. "கையப் பாக்காதீக. ஸ்கிரீனப் பாருங்க. அது பழகுனாத்தான் இது. பழகலைன்னா மூணு நாள்ல திருப்பிக் கொண்டாந்துருவீக. பாதிப் பேரு கொண்டாந்துருக்காக."

ஸ்கிரீன் வைத்தது அவரிடம் இல்லை. ஆர்டர் போட வேண்டும். விலையைச் சொன்னார். நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். நடு அளவில் வெறும் பலகையையே வாங்கினேன். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். புது கண்டக்டர், "லக்கேஜா?" என்றார். "இல்லண்ணே, பலகை" என்றேன்.

அடுத்து சாஃப்ட்வேர். கடையில் நாங்கள் பேனர் போடுவதில் படம் வரைய முடியாது. பெரிய ஆட்கள் பயன்படுத்துவது மாசாமாசம் பணம் கட்டுகிற வகை. மெஷின் அண்ணன் பென்டிரைவைக் காட்டி, "திருட்டு காப்பி இருக்கு, போட்டுத் தரவா?" என்றார். அந்தப் பென்டிரைவ் போன தடவை கடை கம்ப்யூட்டரில் ஏறியபோது மூன்று கல்யாண பேனர் காணாமல்போனது. வேண்டாம் என்றேன். கடைசியில் சும்மா கிடைக்கிற ஒன்றை இறக்கினேன். சும்மா கிடைப்பதாயிற்றே, பாதி வேலை செய்யாமல் இருக்கும் என்று நினைத்தேன். திறந்தால் நூறு பிரஷ் இருந்தது. பென்சில், சாக்பீஸ், மை, ஈரப் பெயிண்ட். லேயரும் இருந்தது. எத்தனை தடவை பின்னால் போய் அழிக்கலாம் என்று ஒரு இடத்தில் எண்ணைக் கேட்டது. அது எடுத்துக்கொள்கிற பெரிய எண்ணைப் போட்டேன்.

முதல் நாள் அப்பாவின் முகத்தை வட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். கையால் வட்டம் போட்டால் ஸ்கிரீனில் பூசணிக்காய் வந்தது. என் கைதான் கோணல் என்று நினைத்து வட்டத்தை நெட்டையாகப் போட்டேன். அதற்கேற்ற மாதிரி எல்லாவற்றையும் நெட்டையாகவே வரைந்து பழகினேன். நாலு நாள். அப்படியும் முகம் கொஞ்சம் அகலமாகவே வந்தது. ஐந்தாம் நாள் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"சோறு போட்டேன்தான். அவுகளுக்கு இம்புட்டுப் போடலையே?"

அப்புறம்தான் ஒரு வீடியோவில் பார்த்தேன். என் பழைய மானிட்டர் அகலமாக இருக்கிறது, பலகை அந்த அளவுக்கு அகலம் இல்லை. இரண்டையும் ஒரே அளவு விகிதத்துக்குக் கொண்டுவர ஒரு டிக் போட வேண்டும். எல்லாரும் வாங்கின அன்றே போடுகிற டிக்காம். போட்டேன். வட்டம் வட்டமாக வந்தது. ஆனால் நாலு நாளாக நெட்டையாகப் போட்டுப் பழகின கைக்கு அதை மறக்க இன்னும் நாலு நாளானது. வெயிலில் கை வேர்த்துப் பலகையில் ஒட்டியது. பழைய ஸ்கூல் சாக்ஸை விரல் வைத்து வெட்டி மாட்டிக்கொண்டேன். பத்தாவது வரைக்கும் அந்த சாக்ஸ் எனக்கு இவ்வளவு உதவியது இல்லை.

இருந்தாலும் கையும் கண்ணும் சேரவில்லை. கை கீழே இருக்கும், கண் மேலே இருக்கும், கோடு மூன்றாவதாக எங்கேயோ இருக்கும். கண்ணைத் தாழ்த்தாமல் இருக்க முடியவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று டப்பாவை எடுத்து அதற்குள் எல்லாவற்றையும் வைத்துவிட்டேன். திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுபோக பஸ் ஏறினேன்.

அது அப்பாவின் பஸ்தான். புது கண்டக்டருக்கு டிக்கெட் மெஷின் கொடுத்திருக்கிறார்கள். அவர் மெஷினைப் பார்ப்பார், பையைப் பார்ப்பார், சில்லறையைப் பார்ப்பார். அதற்குள் முன்படியில் இரண்டு பேர் டிக்கெட் வாங்காமல் இறங்கிப் போயிருப்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. பக்கத்து சீட்டு அக்கா, "ஒங்கப்பா இருந்தா இது நடக்குமா? மனுசன் கண்ணு படியிலயே இருக்கும்" என்றார்.

உண்மைதான். அப்பா பையைக் குனிந்து பார்த்து நான் பார்த்ததே இல்லை. கண் படியில் இருக்கும், வாய் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும், கை பைக்குள் போய் ரெண்டு ரூபாயையும் அஞ்சு ரூபாயையும் தனித்தனியாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வரும். வீட்டில் டிவி பார்த்தபடியே பட்டாணியில் கல் பொறுக்குவார். ஒரு கல் தப்பாது. அந்தக் கை வேலையைச் செய்யும் என்று விட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வேறு எங்கேயோ பார்ப்பார். நான்தான் என் கையை நம்பாமல் அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சாயங்காலம் அதே டப்பாவோடு வீட்டுக்கு வந்து, பலகைமேல் ஒரு துண்டைக் கூடாரம் மாதிரிப் போட்டு, கையை அதற்குள் விட்டுக்கொண்டு வரைந்தேன். பார்க்க நினைத்தாலும் பார்க்க முடியாது. அம்மா, "என்னடி, கோழியா அமுக்குறே?" என்றாள். ஒரு வாரம் வெறும் பஸ்ஸாக வரைந்தேன். ஆறாவது நாள் படிக்கட்டு பஸ்ஸோடு சேர்ந்தது.

ஆடி பாதியில் அப்பா முகம் வந்தது. போண்டா கன்னத்தை அப்படியே உப்பலாக விட்டேன். கோடு நடுங்காமல் நேராக்குகிற வசதி ஒன்று சாஃப்ட்வேரில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால் எல்லாக் கோடும் வழவழவென்று எங்கள் கடைச் சட்டை மாதிரி ஆகிவிட்டது. நிறுத்திவிட்டேன். சட்டை காக்கி. பையைத் தோளில் மாட்டினேன். இடது தோளை நன்றாகக் கீழே இறக்கினேன். வருஷக்கணக்காகச் சில்லறை மூட்டையைச் சுமந்த தோள் இறங்கித்தானே இருக்கும்?

அம்மாவைக் கூப்பிட்டேன். மாவுக் கையோடு வந்து பார்த்தாள்.

"மொகம் சரி. கன்னம் சரி. தோளு தப்பு."

"எறக்கித்தானம்மா போட்டிருக்கேன்!"

"எறங்கியாடி இருக்கும்? ஏறியில்ல இருக்கும்!"

"கனம் கீழதானம்மா இழுக்கும்?"

"ஒனக்கு என்னடி தெரியும். நீ தூக்குனியா?"

நான் விடவில்லை. பாரம் கீழேதான் இழுக்கும், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று சண்டை போட்டேன். அம்மா கையைக் கழுவினாள். ஆணியிலிருந்து பையை எடுத்தாள். காலையில் வைத்த பூவை எடுத்துக் காதோரம் சொருகிக்கொண்டாள். பையை இடது தோளில் மாட்டினாள். வார் வழுவழுவென்று தேய்ந்துபோனது, தோளில் நிற்காமல் சரிந்தது. மறுபடி மாட்டினாள். மறுபடி சரிந்தது. மூன்றாவது தடவை அம்மாவின் தோள் தானாக மேலே ஏறியது, கை பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது. வார் நின்றது.

"பாத்தியா? எறக்குனா பை எறங்கிப் போயிரும். வீட்டுக்கு வந்து பையக் கழட்டுனாலும் அவுக தோளு எறங்காது. தூங்கும்போதுகூட ஏறித்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு அவள் பையைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. உடம்பை லேசாகச் சாய்த்து, பஸ் கம்பியில் முதுகை வைக்கிற மாதிரி கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். வாசலைப் பார்த்தாள்.

"குன்றக்குடில்லாம் எறங்கு. யம்மா, குண்டான மடியில வைய்யி, குண்டானுக்குத் தனி சீட்டா கேக்குறே? உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள இன்னொரு பஸ்ஸே நிக்கலாம். தம்பி, தொங்காதே, ஒங்க ஆத்தாவுக்கு நான் பதில் சொல்லணும்."

அப்பாவின் குரல் அப்படியே இல்லை. ஆனால் "யம்மா" சொல்கிற இழுப்பு அப்படியே இருந்தது. பதினோரு மாசத்தில் அம்மா அப்பா மாதிரிப் பேசிக் காட்டியது அதுதான் முதல் தடவை. நான் சிரித்தேன். அழவும் செய்தேன், இரண்டும் ஒன்றாக வந்தது, மூக்கு ஒழுகியது. "அம்மா, அசையாத, அப்புடியே நில்லு" என்று கத்திக்கொண்டே பேனாவை எடுத்தேன். கண்ணை அம்மாவை விட்டு எடுக்கவில்லை. ஸ்கிரீனைக்கூட அவ்வளவாகப் பார்க்கவில்லை. கை பாட்டுக்குப் போய் தோளை எழுப்பியது, கக்கத்தை இடுக்கியது, சாய்வைப் பிடித்தது.

"கால் வலிக்குதுடி."

"கண்டக்டர் ஒக்காரலாமா?"

"அவுகள மாதிரியே பேசுறா பாரு" என்றாள் பையிடம்.

ஆவணியில் திதிக்கு முந்தின நாள், கடையில் மெஷின் அண்ணனே கூட நின்று நல்ல போட்டோ பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். ஓனர் பார்த்துவிட்டு, "மேல ரெண்டு புறா விடலாம்ல? எடம் கெடக்கே" என்றார். "பஸ்ஸுக்குள்ள புறா வராதுண்ணே" என்றேன்.

மறுநாள் காலையிலேயே வீடு நிறைந்துவிட்டது. ஒக்கூரிலிருந்து அம்மாவின் அண்ணன், அண்ணி, சித்தி வீட்டார், டிரைவர் மாமா. வெள்ளைச் சட்டைப் படத்தை இறக்கிவிட்டு, ஃப்ரேமில் சொருகிய இதை மணையில் வைத்தேன். ஒக்கூர் மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். "என்ன புள்ள, நல்ல சட்டையா ஒன்னு போட்டிருக்கக் கூடாதா? வேலைக்குப் போற மாதிரி நிக்கிறாரு" என்றார். டிரைவர் மாமா படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அம்மா மாலையோடு வந்தாள். மாலையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு குனிந்தவள், போடாமல் நிமிர்ந்தாள்.

"விசிலு எங்கடி?"

"என்னம்மா?"

"சட்டைப் பொத்தான்ல கட்டித் தொங்கவிட்டிருப்பாகல்ல. விசிலு இல்லாம பஸ்ஸு எப்புடிக் கெளம்பும்?"

ஐயர் நேரமாகிறது என்றார். ஒக்கூர் மாமா, "சின்ன விசிலுதானே, விடுத்தா, சாயந்தரம் வரைஞ்சுக்கலாம்" என்றார். அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவர் மாமாதான் எழுந்தார். "செகப்புக் கயிறு. விசிலு பித்தளை" என்று என்னிடம் சொன்னார்.

கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். அது ஆன் ஆகிறவரைக்கும் மொத்தச் சொந்தமும் அதன் முன்னால் நின்றது. ஃபைலைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒரு லேயர் போட்டு, சிவப்புக் கயிறு, பித்தளை விசில். இரண்டாவது பொத்தானா மூன்றாவதா என்று அம்மாவுக்கும் டிரைவர் மாமாவுக்கும் சண்டை. இரண்டாவது என்று அம்மா ஜெயித்தாள். மெஷின் அண்ணனுக்கு ஃபைலை அனுப்பிவிட்டு ஃபோன் போட்டேன். "அண்ணே, திரும்ப ஒரு பிரிண்டு." காரணத்தைச் சொன்னேன். அரை மணி நேரத்தில் பைக்கில் அவரே கொண்டுவந்தார். ஐயரை அதுவரை ஒக்கூர் மாமா காபி கொடுத்துச் சமாளித்தார். பழைய பேப்பரை ஃப்ரேமிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதைச் சொருகினேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். விரலால் விசிலைத் தொட்டாள். அதே சமயம் வெளியே ரோட்டில் பஸ் போனது. புது கண்டக்டர் எங்கள் வீட்டுக்கு எதிரில் விசில் ஊதமாட்டார், ஊத வேண்டிய காரணமும் இல்லை. பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள் அம்மா, படத்தைப் பார்த்து.

மாலையைப் போட்டாள். போட்ட பிறகு அது சரியாக விழவில்லை என்று மறுபடி இழுத்தாள். இடது தோள் மறையாதபடி ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, ஐயரைப் பார்த்து, "ம், ஆரம்பிங்க" என்றாள்.